ஏரியில் மிதக்கும் வானவில்லும் கட்டாத பில்லும்

யமஹா ஆர்.எக்ஸ். 100 என்றால் இன்றைக்கும் உருகிப்போகும் ஆட்கள் உண்டு. 1996-லேயே உற்பத்தி நின்றுபோன வண்டி. ஆனாலும் அந்தச் சத்தம், அந்த 2டி ஆயில் வாசனை, ஸ்டார்ட் செய்ததும் பின்னால் விடும் நீலப்புகை... "அதுதான்யா வண்டி!" என்பார்கள். பின்னால் வருகிறவர் மூக்கைப் பொத்திக்கொள்வது தனிக்கதை :-)

இதே பாசம் அமெரிக்கர்களுக்குப் பழைய படகு மோட்டார்கள் மேல் இருக்கிறது. படகின் பின்பலகையில் மாட்டி ஓட்டும் அவுட்போர்டு மோட்டார். 1930, 40, 50-களில் வந்த எவின்ரூட், ஜான்சன், மெர்க்குரி மோட்டார்களைப் பழைய கொட்டகைகளிலிருந்து தேடிப்பிடிக்கிறார்கள். துருவை நீக்கி, பெயின்ட் அடித்து, மறுபடி ஏரியில் இறக்குகிறார்கள். இதற்கென்றே 1965-லிருந்து ஒரு சங்கம்கூட அங்கே இயங்கி வருகிறது.

அழகான பொழுதுபோக்குதான். ஆனால் கயிற்றை இழுத்து மோட்டார் பிடித்துக்கொண்டதும் இரண்டு விஷயங்கள் நடக்கும். பின்னால் தண்ணீரில் வானவில் நிறத்தில் ஒரு படலம் விரியும். மோட்டாரின் காலிலும் படகின் பின்பலகையிலும் கறுப்பாக, பிசுபிசுப்பாக ஒரு கசடு வடியும். துணியால் துடைத்தால் துணிதான் வீணாகும்.

இந்த எண்ணெயை வைத்துத்தான் சண்டையே. "ஒரு கரண்டி எண்ணெய்க்கு இத்தனை கூச்சலா?" என்கிறது ஒரு கட்சி. "இந்தப் பழைய இரும்பையெல்லாம் மொத்தமாகத் தடை செய்" என்கிறது இன்னொரு கட்சி. இரண்டு பேரும் பார்ப்பது அந்த வானவில்லைத்தான். கோளாறு அங்கேதான். கண்ணுக்குத் தெரியும் எண்ணெய் வெறும் ரசீது மாதிரி. உண்மையான பில் தொகை கண்ணுக்குத் தெரியாமல் தண்ணீரிலும் காற்றிலும் கலந்து போய்விடுகிறது.

எப்படி என்று கொஞ்சம் விவரமாகப் பார்க்கலாம்.

எண்ணெய் ஏன் வருகிறது?

இன்றைய பைக், கார்களில் இருப்பது ஃபோர் ஸ்ட்ரோக் என்ஜின். அதில் என்ஜின் ஆயில் தனியாக அடியில் இருக்கும். பெட்ரோலோடு கலக்காது. டூ ஸ்ட்ரோக்கில் அப்படி முடியாது. அதில் பெட்ரோலும் காற்றும் கலந்த கலவை முதலில் பிஸ்டனுக்குக் கீழே உள்ள கிராங்க்கேஸுக்குள் நுழைகிறது. அங்கிருந்துதான் பிஸ்டன் அதை மேலே சிலிண்டருக்குத் தள்ளுகிறது. அதாவது கிராங்க்கேஸே ஒரு பம்ப் மாதிரி வேலை செய்கிறது. பம்புக்குள் எண்ணெயைத் தேக்கி வைக்க முடியாதே? அதனால் பெட்ரோலிலேயே எண்ணெயைக் கலந்துவிடுகிறார்கள். போகிற வழியில் அது பேரிங்குகளை நனைத்துவிட்டுப் போகும். பிறகு பாதி எரிந்தும் எரியாமலும் புகையோடு வெளியே வந்துவிடும்.

வெளியே என்றால் எங்கே? அவுட்போர்டு மோட்டாரில் புகை பெரும்பாலும் தண்ணீருக்கு அடியில்தான் போகிறது. சத்தம் குறையும் என்பதற்காக அப்படி ஓர் ஏற்பாடு. பைக்கில் நீலப்புகையாகத் தெரிவது இங்கே தண்ணீரில் படலமாக மிதக்கிறது. மீன் பிடிப்பதற்காக மெதுவாக ஓட்டும்போது நிலைமை இன்னும் மோசம். என்ஜின் சரியாகச் சூடாகாது, எண்ணெய் உள்ளேயே தேங்கும், கசடாகிச் சொட்டும்.

இதுவரை எல்லோருக்கும் தெரிந்த கதை. தெரியாத கதை இனிமேல்தான்.

டூ ஸ்ட்ரோக்கில் எரிந்த புகை வெளியேறுவதும் புதுக் கலவை உள்ளே வருவதும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் நடக்கின்றன. புகை வெளியேறும் துவாரம் திறந்திருக்கும்போதே புதுக் கலவை உள்ளே நுழைகிறது. நுழைந்ததில் ஒரு பகுதி, எரியும் வாய்ப்பே கிடைக்காமல், அந்தத் துவாரம் வழியாக நேராக வெளியே ஓடிவிடுகிறது. கார்புரேட்டர் வைத்த டூ ஸ்ட்ரோக் படகு மோட்டார்களில் இப்படி வீணாகும் பெட்ரோல் 20 முதல் 30 சதவீதம் வரை இருக்கும் என்பது பரவலாக ஏற்றுக்கொள்ளப்பட்ட கணக்கு.

நாலு லிட்டர் போட்டால் ஒரு லிட்டர் எரியாமலே வெளியே போகிறது!

ஒரு சின்னக் கணக்கு

பத்துக் குதிரைத்திறன் உள்ள பழைய மோட்டார் ஒன்றை எடுத்துக்கொள்ளலாம். முழு வேகத்தில் ஓடினால் மணிக்குச் சுமார் 4 லிட்டர் குடிக்கும். 1950-களின் மோட்டார்கள் பலவற்றில் 24 பங்கு பெட்ரோலுக்கு ஒரு பங்கு எண்ணெய் கலக்க வேண்டும். கால் பங்கு வீணாகிறது என்று வைத்தால், மணிக்கு ஒரு லிட்டர் கலவை எரியாமல் வெளியே போகும். அந்த ஒரு லிட்டரில் எண்ணெய் 40 மில்லி. மிச்சம் 960 மில்லியும் பெட்ரோல். (எரியும் பகுதியிலிருந்தும் கொஞ்சம் எண்ணெய் தப்பித்து வரும் என்பதால், எண்ணெய் நிஜத்தில் இதைவிடக் கூடுதலாகவே இருக்கும்.)

தண்ணீர் மேல் எண்ணெய் 0.3 மைக்ரான் கனத்துக்குப் பரவினாலே வானவில் நிறம் தெரிய ஆரம்பித்துவிடும். அதாவது ஒரு மில்லிமீட்டரில் மூவாயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவான கனம். அந்தக் கனத்தில் 40 மில்லி எண்ணெய் 130 சதுர மீட்டருக்கு மேல் பரவும். நம்மூர்க் கணக்கில் அரை கிரவுண்டுக்கும் அதிகம்!

இப்போது இரண்டு கட்சிகளின் வாதத்தையும் பாருங்கள். "ஒரு கரண்டி எண்ணெய்தான்" என்பவர் பொய் சொல்லவில்லை. இரண்டு மூன்று கரண்டிதான். "ஏரியே எண்ணெயாகிவிட்டது" என்பவரும் பொய் சொல்லவில்லை. அரை கிரவுண்டு பளபளக்கிறது. ஆனால் அந்த 960 மில்லி பெட்ரோலைப் பற்றி இரண்டு பேருமே பேசவில்லை. அதற்கு நிறம் இல்லை. ஒரு பகுதி குமிழியோடு மேலே வந்து காற்றில் கலக்கும், ஒரு பகுதி தண்ணீரில் கரையும். அதில் பென்சீன் இருக்கிறது, அது மனிதனுக்குப் புற்றுநோய் தரக்கூடியது. அரைகுறையாக எரிந்த புகையில் பல வளைய ஹைட்ரோகார்பன்கள் வேறு இருக்கின்றன. தெளிந்த தண்ணீரில் சூரியனின் புற ஊதாக் கதிர் பட்டால் இவற்றில் பலவற்றின் நச்சுத்தன்மை பல மடங்கு கூடும். மீன் குஞ்சுகளுக்கும் நுண்ணுயிர்களுக்கும் அது ஆபத்து.

பளபளப்பை மட்டும் துடைத்த வரலாறு

இந்த மோட்டார் ஏன் இப்படிப் பிறந்தது என்பதற்கும் ஒரு நியாயம் உண்டு. நார்வேயில் பிறந்து அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்த ஓலே எவின்ரூட், 1909-ல் மில்வாக்கி நகரில் தன் மோட்டாரை விற்பனைக்குக் கொண்டுவந்தார். ஒன்றரைக் குதிரைத்திறன், எடை சுமார் 28 கிலோ. இனிமேல் துடுப்பே வேண்டாம் என்று விளம்பரம் எழுதியவர் அவர் மனைவி பெஸ். ஒரே ஆள் தூக்கிக்கொண்டுபோய்ப் படகில் மாட்ட வேண்டும், சாதாரண ஆள் வாங்கும் விலையில் இருக்க வேண்டும். இந்த இரண்டுக்கும் டூ ஸ்ட்ரோக்தான் தோது. வால்வு கிடையாது, தனி ஆயில் தொட்டி கிடையாது, ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு வெடிப்பு. ஏழைப்பட்ட மீன்பிடிப்பவருக்கும் ஏரிக்கரைக் குடும்பத்துக்கும் அது பெரிய வரம். அதை மறுக்க முடியாது.

ஆனால் அந்த மலிவு விலையில் ஒரு பகுதியைக் கட்டியது வாங்கியவர் இல்லை, ஏரி. ஒருவர் செய்யும் காரியத்தின் செலவு, அந்தக் கொடுக்கல் வாங்கலில் சம்பந்தமே இல்லாதவர் தலையில் விழுவதைப் பற்றி ஆர்தர் பிகூ 1920-லேயே விரிவாக எழுதினார். பி.காம். பாடத்தில் இதைப் புறவிளைவு என்று இரண்டு மார்க் கேள்விக்குப் படித்துவிட்டு மறந்துவிடுவார்கள். அதற்கு இதைவிடக் கச்சிதமான உதாரணம் கிடைக்காது.

அப்புறம் என்ன நடந்தது? கம்பெனிகள் சும்மா இருக்கவில்லை. எவின்ரூட், ஜான்சன் இரண்டையும் தயாரித்த ஓ.எம்.சி. நிறுவனம், 1964 வாக்கில் பெரும்பாலான மோட்டார்களை 50-க்கு 1 கலவைக்கு மாற்றியது. எண்ணெய் பாதியானது. புகை குறைந்தது, ஸ்பார்க் பிளக் கரி பிடிப்பது குறைந்தது, படலமும் குறைந்தது. வாங்கினவருக்குச் சந்தோஷம்.

அதே கணக்கை மறுபடி போட்டுப் பாருங்கள். வீணாகும் ஒரு லிட்டரில் எண்ணெய் 40 மில்லியிலிருந்து 20 மில்லியானது. பெட்ரோல்? 960-லிருந்து 980 ஆனது! கண்ணை உறுத்தியது பாதியாகக் குறைந்தது. உறுத்தாதது அப்படியே இருந்தது.

அடுத்து, பழைய மோட்டார்களில் இன்னொரு வேடிக்கை. கிராங்க்கேஸின் அடியில் தேங்கும் கெட்டியான எண்ணெய்க் கலவையை ஒரு சின்ன வழி வைத்து வெளியே தண்ணீரில் தள்ளிவிடுவார்கள். இது பழுதோ கசிவோ இல்லை, டிசைனே அப்படி. 1970-களின் தொடக்கத்தில் கம்பெனிகள் இதைக் கைவிட்டு, தேங்கியதை மறுபடி சிலிண்டருக்கே அனுப்பி எரிக்க ஆரம்பித்தன. நல்ல மாற்றம்தான். ஆனால் திறந்த துவாரம் வழியாக ஓடும் அந்தக் கால் பங்கு அப்போதும் ஓடிக்கொண்டுதான் இருந்தது.

அளக்க ஆரம்பித்ததும் மாறியது

உண்மையான மாற்றம் 1996-ல் வந்தது. அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை படகு மோட்டார்களுக்கு ஒரு விதி கொண்டுவந்தது. 1998 மாடலில் தொடங்கி 2006-க்குள் புதிய மோட்டார்களின் ஹைட்ரோகார்பன் வெளியேற்றம் 75 சதவீதம் குறைய வேண்டும். இதில் ஒரு சுவாரசியம், அது காற்றுச் சட்டத்தின் கீழ் வந்த விதி. நகரங்களின் புகைமூட்டத்தைக் குறைப்பதுதான் நோக்கம். ஆனாலும் ஏரிக்கு அது நன்மை செய்தது. ஏன்? அந்த விதி பளபளப்பைப் பார்க்கவில்லை. எரியாமல் வெளியே வருவதைக் கிராம் கணக்கில் அளந்தது.

அளந்ததும் தீர்வு வந்தது. புகைத் துவாரம் மூடிய பிறகு பெட்ரோலை நேராகச் சிலிண்டருக்குள் பீய்ச்சும் முறை. மெர்க்குரியின் ஆப்டிமேக்ஸ், ஓ.எம்.சி.யின் ஃபிக்ட் இரண்டும் 1990-களின் பிற்பகுதியில் சந்தைக்கு வந்தன. இன்னொரு பக்கம் ஃபோர் ஸ்ட்ரோக் அவுட்போர்டுகள் பெருகின.

யாருக்கும் வலிக்காமல் நடந்ததா என்றால் இல்லை. ஆரம்பகால ஃபிக்ட் மோட்டார்கள் பழுதாகிப் பெயரைக் கெடுத்தன. ஓ.எம்.சி. 2000 டிசம்பரில் திவாலானது. அதற்கு வேறு காரணங்களும் உண்டு என்றாலும் இதுவும் ஒன்று. எவின்ரூட் பெயரை வாங்கிய பம்பார்டியர் குழுமம் இ-டெக் என்ற நல்ல மோட்டாரை 2003-ல் கொண்டுவந்தது. ஆனாலும் 2020-ல் எவின்ரூட் உற்பத்தியே நிறுத்தப்பட்டது. தொண்ணூறு வருடம் தள்ளிப்போட்ட பில்லைப் பத்து வருடத்தில் கட்டச் சொன்னால் சிலர் தடுமாறத்தான் செய்வார்கள்.

டாஹோ ஏரி சொல்லும் பாடம்

கலிஃபோர்னியாவுக்கும் நெவாடாவுக்கும் நடுவில் இருக்கிறது டாஹோ ஏரி. ஆழம் 501 மீட்டர். தெளிவுக்குப் பேர்போனது. வெள்ளைத் தட்டு ஒன்றை இறக்கி அது எவ்வளவு ஆழம் வரை தெரிகிறது என்று 1968-லிருந்து அளந்து வருகிறார்கள். தொடக்கத்தில் 30 மீட்டருக்கு மேல் தெரிந்தது. அது சுற்றுவட்டாரத்துக்குக் குடிதண்ணீரும்கூட. 1990-களில் அந்தத் தண்ணீரில் பெட்ரோலின் கூறுகள் தட்டுப்பட்டன. பெட்ரோலில் சேர்க்கப்படும் எம்.டி.பி.இ. என்ற ரசாயனமும் இருந்தது.

1999 ஜூன் 1 முதல் அங்கே கார்புரேட்டர் வைத்த டூ ஸ்ட்ரோக் மோட்டார்களுக்குத் தடை. அதற்குப் பிறகு ஏரியில் இவற்றின் அளவு வெகுவாகக் குறைந்தது.

இதில் கவனிக்க வேண்டியது தடையின் வார்த்தைகளை. பழைய மோட்டார் என்பதற்காகத் தடை இல்லை. டூ ஸ்ட்ரோக் என்பதற்காகவும் இல்லை. புதிய அளவுகோலுக்குள் வரும் நேரடிப் பீய்ச்சல் டூ ஸ்ட்ரோக்குகளுக்கு அனுமதி உண்டு. "நீ யார்" என்று கேட்காமல் "நீ எவ்வளவு கொட்டுகிறாய்" என்று கேட்ட சட்டம். எல்லா ஏரிக்கும் டாஹோ மாதிரி தடை தேவையில்லை. ஆனால் எல்லா ஏரிக்கும் அந்தக் கேள்வி தேவை.

அப்படியானால் பழைய மோட்டார்களை உடைத்துவிடலாமா?

வேண்டாம். ஒரு மோட்டார் வருடத்துக்கு மூன்று மணி நேரம் கண்காட்சியில் ஓடுகிறது. இன்னொன்று வருடத்துக்கு முந்நூறு மணி நேரம் வாடகைப் படகில் ஓடுகிறது. இரண்டும் ஒரே மாடலாக இருந்தாலும் இரண்டாவது நூறு மடங்கு கொட்டுகிறது. மோட்டாரின் வயதை மட்டும் பார்த்துச் சட்டம் போட்டால் முதலாமவருக்கு அநியாயம். பொழுதுபோக்குக்காரர்களை மட்டும் திட்டித் தீர்த்தால் இரண்டாமவர் நைசாகத் தப்பித்துவிடுவார்.

"அப்படியானால் எண்ணெயையாவது குறையுங்கள்" என்ற அறிவுரையும் சரிவராது. பழைய வகைப் பேரிங் உள்ள மோட்டாரில் 50-க்கு 1 போட்டால் என்ஜின் சீஸ் ஆகிவிடும். நூறு வருட வயதுள்ள ஒரு பொருளைக் கொன்றதுதான் மிச்சம்.

சேகரிப்பவர்கள் செய்யக்கூடியது வேறு. கார்புரேட்டரைச் சரியாக ட்யூன் செய்யலாம். சாம்பல் விடாத இன்றைய டி.சி.டபிள்யூ.3 எண்ணெயைப் பழைய விகிதத்திலேயே கலக்கலாம். குடிதண்ணீர் ஏரியிலும், மீன் குஞ்சு பொரிக்கும் ஆழமில்லாத ஓரங்களிலும் இறக்காமல் இருக்கலாம். எல்லாவற்றுக்கும் மேலாக, பீப்பாயைக் கவனிக்கலாம்.

அதென்ன பீப்பாய்? பழுது பார்த்த மோட்டாரை ஏரிக்குக் கொண்டுபோவதற்கு முன் தண்ணீர் நிரப்பிய பீப்பாயில் மாட்டி ஓட்டிப் பார்ப்பார்கள். பத்து நிமிடம் ஓடினால் போதும், தண்ணீர் மேல் கறுப்பாகக் கசடு மிதக்கும். பெட்ரோல் நெடி மூக்கைத் துளைக்கும். அதைப் பார்த்த எவரும் அந்தத் தண்ணீரில் கை கழுவ மாட்டார்கள். ஏரியில் இறக்கினாலும் அதே மோட்டார் அதே அளவைத்தான் கொட்டுகிறது. ஏரி பெரியது என்பதால் தெரியவில்லை, அவ்வளவுதான். பீப்பாய்த் தண்ணீரைச் சாக்கடையில் கவிழ்க்காமல், எண்ணெய் உறிஞ்சும் துணியைப் போட்டு எடுத்து முறையாக அப்புறப்படுத்துகிறவர் தன் பில்லில் ஒரு பகுதியைத் தானே கட்டுகிறார். அவரை மதிக்கலாம்.

நம் கடலில்

அமெரிக்க ஏரியின் கதை நமக்கெதற்கு என்று தோன்றலாம். இதே அடிப்படையில் இயங்கும் டூ ஸ்ட்ரோக் அவுட்போர்டுகள் கேரளம், கன்னியாகுமரி, இலங்கைக் கரையோரங்களில் மீன்பிடிப் படகுகளை இன்றும் தள்ளிக்கொண்டிருக்கின்றன. பல மோட்டார்கள் பெட்ரோலில் ஸ்டார்ட் ஆகி மண்ணெண்ணெயில் ஓடுகின்றன. மண்ணெண்ணெய் பெட்ரோல் மாதிரி சீக்கிரம் ஆவியாகாது. தண்ணீரில் கூடுதல் நேரம் தங்கும்.

அங்கே இது பொழுதுபோக்கு இல்லை, சோறு. 2022 ஆகஸ்டில் இலங்கையில் மண்ணெண்ணெய் லிட்டர் 87 ரூபாயிலிருந்து 340 ரூபாய்க்கு உயர்ந்தபோது கடலுக்கே போக முடியாமல் தவித்தவர்கள் உண்டு. நாலு லிட்டர் ஊற்றினால் ஒரு லிட்டர் எரியாமல் போகிற என்ஜினில், அந்த 340 ரூபாயை அப்படியே கடலில் விட்டெறிவதற்குச் சமம். அந்தப் பில்லைக் கடலும் கட்டுகிறது, படகுக்காரர் வீடும் கட்டுகிறது.

ஆகவே அவரிடம் போய் "உன் மோட்டார் மாசு, நிறுத்து" என்பது அநியாயம். அவரிடம் புது ஃபோர் ஸ்ட்ரோக் வாங்கப் பணம் இல்லை. மண்ணெண்ணெய்க்கு மானியம் கொடுக்கும் அரசுகள், அந்த மானியத்தில் கால் பங்கு எரியாமல் கடலில் கலக்கிறது என்பதையும் கணக்கில் எடுக்க வேண்டும். அதே பணத்தில் ஒரு பகுதியை மோட்டார் மாற்றுவதற்குக் கொடுத்தால் எரிபொருளும் மிச்சம், கடலும் மிச்சம். கொடுக்கல் வாங்கல் தெரிந்த எந்தக் கடைக்காரரும் ஒத்துக்கொள்ளும் கணக்கு இது.

அடுத்த தடவை தண்ணீரில் வானவில் மிதந்தால் எண்ணெய் எத்தனை கரண்டி என்று எண்ண வேண்டாம். எரியாமல் போனது எத்தனை லிட்டர், அதற்கான காசைக் கட்டுவது யார் என்று கேட்டால் போதும்.